சுமை தோளில் இருக்கும்வரை

ஈரத் துண்டால் கண்ணைக் கட்டியதும் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் மொத்தமும் வல்லரசின் காதுக்குள் வந்து உட்கார்ந்தது. ஞாயிற்றுக்கிழமை, அதனால் இரும்பு அறுக்கும் சத்தம் இல்லை. ஷெட்டுத் தகரம் வெயிலில் நெளிந்து டொக்கென்றது. பக்கத்தில் ஏழு ஆம்பளைகளின் மூச்சு.

சுமை தூக்குகிறவர்களின் எட்டுத் தோள் சங்கத்தில் சேருகிறவன் கண்ணைக் கட்டிக்கொண்டு, மற்ற ஏழு பேரோடு ஒரு முழு நீள இரும்புச் சேனல் உத்திரத்தைத் தோளில் ஏற்ற வேண்டும். இரும்பு மேலே இருக்கும்போதே ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். அந்த நேரத்தில் எவனும் பொய் சொல்லக் கூடாது; பொய் சொல்கிறவன் உடம்பு ஆடும், கூடவே இரும்பும் ஆடும் என்பது அவர்கள் நம்பிக்கை. இறக்கிய பிறகு தலைவர் சும்மாட்டுத் துணியைத் தலையில் கட்டுவார். கட்டிக்கொண்டால், அங்கே கேட்டது பெண்டாட்டி காதுக்குக்கூடப் போகக் கூடாது. கட்டாதவனுக்கு மார்க்கெட்டில் வேலை இல்லை.

வல்லரசு வேலைக்காக மட்டும் வரவில்லை. போன ஆடியில் அவன் அண்ணன் பீம்ராவ் இதே மாதிரி ஒரு சேனலுக்கு அடியில் நசுங்கிச் செத்தான். சுமையிலிருந்து தோளை எடுக்கிறவன் "வுட்றேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் "வுடு" என்ற பிறகுதான் எடுக்கலாம். அன்றைக்கு எவனோ குரல் கொடுக்காமல் எடுத்துவிட்டான். போலீஸ் கேட்டது. அண்ணி மகிழினி கேட்டாள். ஏழு பேரும் ஒரே மாதிரி, கால் வழுக்கிவிட்டது என்றார்கள். பீம்ராவின் பாடையைத் தூக்கியது அவர்கள்தான். அண்ணிக்குப் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை வாங்கித் தந்ததும் அவர்கள்தான். வாயை மட்டும் திறக்கவில்லை.

காலையில் கிளம்பும்போது மகிழினி சொன்னாள்: "துணி கட்டிகினு வா, கட்டாம வா. பேரோட வா."

"தூக்கு" என்றார் தலைவர் சுப்பராயன்.

இரும்பு ஏறி உட்கார்ந்தது. வல்லரசின் முட்டி ஒரு தரம் நடுங்கி நின்றது.

"இன்னா மாமு, மொத தபா மாமியார் வூட்டுக்குப் போற மாப்ள மாரி நடுங்குற?" முன்னாலிருந்து காஜா மொய்தீன் கேட்டான். யாரோ சிரித்தார்கள்.

"கேள்விய கேளு" என்றார் சுப்பராயன்.

"எங்கண்ணன் செத்த அன்னிக்கி, குரல் குடுக்காம தோள எடுத்தது யாரு?"

சிரிப்பு நின்றது. தகரம் மறுபடியும் டொக்கென்றது.

"வேற எதுனா கேளு, வல்லரசு" என்றார் சுப்பராயன்.

"இதான் நைனா என் கேள்வி. எனக்குத் தோளு எரியுது. சீக்கிரம் சொல்லுங்க."

வியர்வை துண்டுக்குள் இறங்கிக் கண்ணைக் கரித்தது. பிடரிக்கு நேர் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான்."

அலெக்ஸாண்டர். பீம்ராவ் செத்ததிலிருந்து ஞாயிறு தவறாமல் காசிமேட்டிலிருந்து மீன் வாங்கிவந்து அண்ணியிடம் கொடுக்கிறவன். இன்று காலையிலும் நெத்திலி கொண்டுவந்தான்.

"தோளு மரத்துப் போச்சி. குரல் குடுக்கணும்னு தெரியும். வாயி வரல. அதுக்குள்ள..."

தோளைச் சற்றுச் சாய்த்தால் போதும். சேனல் நேராகப் பின்னால் நிற்கிறவன் மேல் போகும். முன்னால் நிற்கிற காஜாவையும் இழுத்துக்கொண்டு போகும். வல்லரசின் தோள் அரை அங்குலம் இறங்கியது. ஏழு மூச்சும் ஒன்றாக அடங்கின.

"உன் தோளு ஆடுது" என்றார் சுப்பராயன், மெதுவாக.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"ஒரு கேள்விதான் உனக்கு. இருந்தாலும் சொல்றேன். தெரியும். நாளைக்கி உன் தோளு மரத்துப் போனா உன்னியும் இப்டித்தான் மறைப்போம். அதான் சங்கம்."

அண்ணிக்குக் கிடைத்த வேலையும் இந்த வாய்ப்பூட்டும் ஒரே கையிலிருந்து வந்தவை என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. தோளை நிமிர்த்திக் குரல் கொடுத்தான்.

"வுட்றேன்."

"வுடு" என்றன ஏழு குரல்களும். இரும்பு கட்டைமேல் இறங்கியது.

கண்கட்டை அவிழ்த்ததும் சுப்பராயன் சிவப்புத் துணியோடு எதிரே நின்றார். வல்லரசு அதை வாங்கினான். மடித்துச் சேனல்மேல் வைத்தான்.

"கட்டிக்கல நைனா."

"நாளைக்கி இங்க கால் வெக்க முடியாது. தெரியும்ல?"

"தெரியும்."

"புள்ளகுட்டிக்காரன்டா நீ. இன்னாத்த துன்னுவ?" என்றான் காஜா. குரலில் கிண்டல் இல்லை.

மார்க்கெட் வளைவைத் தாண்டும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. வல்லரசு நின்றான். பத்தடி தள்ளி அலெக்ஸாண்டரும் நின்றான்.

"எங்க வர?"

"நீ சொல்லி அண்ணி கேக்கக் கூடாது. நான் சொல்லணும்."

"உன்னியும் தள்ளி வெச்சிருவாங்க."

அலெக்ஸாண்டரின் தலையில் துணி இல்லை; கழற்றிவிட்டே வந்திருந்தான்.

காலடிப்பேட்டை வரைக்கும் அந்தப் பத்தடி குறையவுமில்லை, கூடவுமில்லை. வீட்டு வாசலில் குழாயடியில் உட்கார்ந்து மகிழினி நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். முதலில் வல்லரசின் தலையைப் பார்த்தாள்.

"பேரு?"

அவன் ஒதுங்கி வழிவிட்டான். அலெக்ஸாண்டர் வழக்கம்போலச் செருப்பை வெளியே கழற்றினான். ஆனால் வழக்கம்போல உள்ளே வரவில்லை.

"அண்ணி" என்றான்.

அவள் கை மீனோடு அப்படியே நின்றது. அந்த மீனைப் பாத்திரத்தில் போடாமல் தரையில் வைத்தாள்.

"சொல்லு" என்றாள்.