நேரில் கேள்க்கும்

தேவிகுளம் கடைத்தெருவில், பூட்டிய மருந்துக்கடை ஒன்றினுள், அதை நடத்திவந்த யோகப்பிரியாவின் பதில் நான்கு ஆண்டுகள் தனியாகக் குடியிருந்தது. அவளுடைய குரலிலேயே அது பேசியது. பதினொரு வாக்கியங்கள் முடிந்ததும் சற்றே ஓய்ந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது.

பிழை ஒரு வினைச்சொல்லில் நேர்ந்தது. அவள் கொடுத்த இருமல் மருந்தை அளவுக்கு மீறிக் குடித்த குழந்தையொன்று மூன்று நாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தது. புகார் மாநிலத் தலைநகருக்குப் போயிற்று. மருந்தாளர்களுக்கு உரிமம் வழங்கும் மன்றம், 2019 ஜூலை ஒன்பதாம் நாள் அவளை 'நேரில் கேள்க்கும்' என்று மலையாளத்தில் கடிதம் எழுதியது. இடத்தைக் குறிப்பிட மறந்திருந்தது. அம்மொழியில் அச்சொல்லுக்குக் காது கொடுப்பது என்ற ஒரே பொருள்தான். பேருந்துப் பலகைகளைப் பார்த்து மலையாளம் படித்த யோகப்பிரியா அதைத் தமிழாக, விசாரிப்பது என்ற பொருளில் வாசித்தாள்: நேரில் வந்து கேட்பார்கள். ஆகவே அந்நாளில் கடையைக் கழுவி, மூன்று நாற்காலிகள் போட்டு, காலை ஒன்பது மணி முதல் காத்திருந்தாள். பக்கத்துத் தேநீர்க்கடைக்காரர் சுவக்கீன் எட்டிப் பார்த்தார்.

"என்ன யோகா, ஆளுக வந்தாகளா, இல்ல வழியிலயே காலாவதி ஆயிட்டாகளா?"

"வருவாகண்ணே. கடுதாசி போட்டிருக்காகல்ல."

தலைநகரில் மன்றத்தார் கால்மணி நேரம் பார்த்துவிட்டு, 'வரவில்லை' என்று எழுதி, மறு உத்தரவு வரை அவளது உரிமத்தை நிறுத்திவைத்தனர். மாலை ஐந்து மணிக்கு அவள் வெற்று நாற்காலிகளிடம் தன் பதிலைச் சொன்னாள். மருத்துவர் சீட்டில் 2.5இன் புள்ளி மங்கியிருந்தது. தொலைபேசியில் அவரைக் கேட்டறிந்து, பாட்டிலின் மேல் இரண்டரை மில்லி என்று எழுதிக் கொடுத்தாள். வீட்டார் சீட்டைப் பார்த்து இருபத்தைந்து ஊற்றினர். சொல்லிமுடித்துக் கதவை இழுத்துப் பூட்டினாள். பதில் உள்ளேயே தங்கிவிட்டது.

அன்றிலிருந்து பேருந்தை நிறுத்தச் சொல்லவும் காய்கறி விலை கேட்கவும் அவளுக்கு வாய் இருந்தது. இந்த ஒரு செய்தி மட்டும் அதில் இல்லை. தேயிலைத் தொழிற்சாலையில் மூட்டை தைத்தாள். மாலையில் பூட்டிய கதவருகே சற்று நின்றுவிட்டு வீடு திரும்பினாள். மழைக்கு ஒதுங்கியவர்களுக்கெல்லாம் அந்தப் பதில் மனப்பாடம். ஆதலால் அவளிடம் யாரும் எதையும் விசாரிக்கவில்லை. மேல்முறையீடு செய்து இருமுறை தலைநகர் சென்றாள். இருமுறையும் வாயிலிருந்து காற்று மட்டுமே வந்தது. 'விளக்கம் இல்லை' என்று இருமுறையும் பதிந்தனர்.

2023இல் பாலக்காட்டுக் கல்பாத்தியைச் சேர்ந்த கிருஷ்ணபிரசாத் மன்ற உறுப்பினரானார். இருமொழியும் அறிந்த அவர் கோப்பைப் படித்துவிட்டுத் தாமே மலையேறி வந்து, அவளைக் கடை திறக்கச் சொல்லி, அவளோடு உள்ளே அமர்ந்து, பதிலை இரண்டு முறை முழுதாகக் கேட்டார்.

"நாங்க காது கொடுக்கறோம்னு எழுதினோம். நீங்க, நாங்க வந்து விசாரிப்போம்னு நெனச்சுண்டுட்டேள். தப்பு எங்க பேர்லதாம்மா; உங்களுக்குப் புரியற பாஷைல எழுதியிருக்கணும்."

குறிப்பெழுத அவர் பையைத் திறந்தபோது பதில் அதனுள் போய் அமர்ந்தது. திரும்பும் வழியில், கைப்பேசிச் சத்தத்தைக் குறைக்கும்படி நடத்துநர் அவரை இருமுறை கண்டித்தார். மன்றம் பதினொரு வாக்கியங்களையும் கேட்டு உரிமத்தைத் திருப்பியளித்தது. அந்தப் பதிலுக்கு வரிசை எண் இட்டு ஆவண அறையில் சேர்த்தது. இன்றும் அது அங்கே பேசிக்கொண்டிருக்கிறது. எழுத்தர்கள் பழகிவிட்டனர்.

அதைத் திரும்பப் பெற மனுப் போடச் சொன்னார் சுவக்கீன்.

"வேணாம்ணே, அங்கனயே கெடக்கட்டும். இன்னொருத்தியக் கேக்காம உத்தரவு எழுத உக்காந்தாகன்னா, காதுல விழுமில்ல."

மறுநாள் கடையைத் திறந்தாள். உள்ளே அவளைத் தவிர யாருமில்லை.