ஷமீமா பெயரில் வந்த மெயில்

மரக்காணத்து உப்பளக்காரர்கள் முப்பத்திரண்டு பேருக்கும் லாரி விவரமானாலும் மழை எச்சரிக்கையானாலும் சங்க அலுவலகத்திலிருந்து ஷமீமாதான் மெயில் அனுப்புவாள். மழை என்று அவள் சொல்லிவிட்டால் யாரும் நின்று காரணம் கேட்பதில்லை. முதலில் உப்புக் குவியலைத் தார்ப்பாயால் மூடுவார்கள், பேச்செல்லாம் அப்புறம்தான். எட்டு வருஷத்தில் அந்த அவசரம் அவளுக்குள்ளும் ஊறிப்போயிருந்தது.

அன்று காலை வந்த மெயிலில், இன்றைக்குள் பாதுகாப்பு அப்டேட்டைப் போடாவிட்டால் கம்ப்யூட்டருக்கு ஆபத்து என்றிருந்தது. பெரிய கம்பெனியின் முத்திரையும் இருந்தது. அனுப்பியவரின் முகவரியைக்கூடப் பார்க்காமல், கூடவே வந்த ஃபைலைத் திறந்துவிட்டாள். ஏதோ ஒன்றை மழைக்கு முன்னால் மூடிவிட்ட நிம்மதிகூட வந்தது.

அரை மணி கழித்து ஓர் உப்பளத்திலிருந்து போன்.

"ஷமீமாக்கா, நீங்க அனுப்பிச்ச அப்டேட்டு தெறக்க மாட்டேங்குது. இன்னொரு தபா அனுப்புறீங்களா?"

"நான் ஒண்ணும் அனுப்பலியே."

"உங்க பேர்லதான வந்திருக்குது."

அவள் கை தானாகப் போய் நெட் வயரைப் பிடுங்கியது. போனில் தன் மெயிலைத் திறந்து பார்த்தாள். முப்பத்திரண்டு பேருக்கும் அதே ஃபைல் போயிருந்தது. உடனே பாஸ்வேர்டை மாற்றினாள். ஆனால் போனது போனதுதான்.

சங்கச் செயலாளர் ஆதிமூலம் உள்ளே வந்து விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியில் சாய்ந்தார்.

"வைரஸ் வந்திருச்சுன்னு மட்டும் சொல்லும்மா. நீ தெறந்ததை எதுக்கு சொல்லிக்கினு? எவன் வந்து பாத்தான்?"

அந்த யோசனை ஏற்கெனவே அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்ததுதான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. 'ஷமீமா சொன்னா சரியா இருக்கும்' என்பார்கள். அந்தப் பேரைக் காப்பாற்றிக்கொள்ள நினைக்கிறோமா, அந்தப் பேரை நம்பியவர்களையா? இரண்டும் ஒன்றென்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"சொல்லணும்ணா. நானே ஏமாந்தேன்னு தெரிஞ்சாதான் அவங்க அதைத் தொடாம இருப்பாங்க."

ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டாள். "அந்த மெயில் பொய்ங்க. தெரியாம நான்தான் தெறந்துட்டேன், அங்கேருந்துதான் உங்களுக்கு வந்திருக்குது. தெறந்திருந்தா நெட் வயரைப் புடுங்கிட்டு கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணுங்க. பென் டிரைவ் எதுவும் சொருவாதீங்க." ஒருவர் சிரித்தார். ஒருவர் பாதியிலேயே வைத்துவிட்டார்.

பாதிப் பேரிடம் பேசி முடித்தபோது வானிலைச் செய்தி வந்தது. மதியம் மூன்று மணிக்குள் மழை. அவள் பெயரில் வரும் எதையும் இன்று யாரும் திறக்க மாட்டார்கள், திறக்கவும் கூடாது. ஒவ்வொரு போனிலும் இப்போது மழையையும் சேர்த்துச் சொன்னாள், ஏற்கெனவே பேசியவர்களையும் மறுபடி கூப்பிட்டுச் சொன்னாள். நான்கு பேர் எடுக்கவே இல்லை. ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

முதலில் பாலகுருவின் உப்பளம். கொட்டகை அலுவலகத்தில் கணினி வேலை பார்க்கும் அம்சவல்லி மவுஸும் கையுமாக இருந்தாள்.

"கைய எடு அம்சா. அதைத் தெறக்காத."

"நீங்க அனுப்பிச்சதுதானக்கா?"

"நான் அனுப்பல."

நடந்ததை ஷமீமா சொல்லி முடிக்கும்போது பாலகுரு வாசலில் வந்து நின்றிருந்தார். மழையைப் பற்றியும் சொன்னாள். அவர் வானத்தைப் பார்த்தார். தெற்கே கொஞ்சம் கறுத்திருந்தது, அவ்வளவுதான்.

"ஏம்மா, மெயிலு உன் பேர்ல வந்துச்சு, பொய்ங்கிற. இப்ப மழைங்கிற. இதை எவன் அனுப்பிச்சான்?"

கூலியாட்கள் இருவர் சிரித்தார்கள். அவளுக்குக் காது சூடாகியது. கோபித்துக்கொண்டு போய்விடலாம், போனால் குவியல் கரையும்.

"நீங்க போன் எடுக்கல, அதான் நேர்ல வந்தேங்க. தப்பை மறைக்கிறவளா இருந்தா அப்படியே விட்டுட்டு ஆபீஸ்ல உக்காந்திருப்பேன். தார்ப்பாய் போடுங்க. மழை வரலைன்னா நாளைக்கு நானே வந்து எடுத்துவிடுறேன்."

பாலகுரு ஆட்கள் பக்கம் திரும்பி, "டேய், என்னா இளிப்பு? தார்ப்பாயை இழுங்கடா," என்றார்.

ஸ்கூட்டிவரை கூடவே வந்த அம்சவல்லி தயங்கினாள்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. இனிமே உங்க மெயிலு வந்தா போன் பண்ணிக் கேட்டுட்டுதான் தெறப்பேன்."

வலித்தது. எட்டு வருஷத்தில் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. ஷமீமா வண்டியில் சாவியைச் செருகினாள்.

"கேளு அம்சா. நானே அனுப்பியிருந்தாலும் கேளு."

இன்னும் மூன்று உப்பளம் இருந்தது. வரப்பு வழியாகவே வண்டியை விட்டாள்.