தோல் தொட்ட கை

நாற்பது காளான் படுக்கைகளில் முப்பத்தொன்று கெட்டுவிட்டன. வைக்கோலில் வெள்ளை நூலாகப் படரவேண்டிய காளான் பாதியிலேயே நின்றுவிட, பாலிதீன் பைகளுக்குள் பச்சைப் பூசணம் அப்பிக் கிடந்தது. குழுத் தலைவி சௌந்தரம் பைகளைப் பார்த்தாள். பிறகு சோபனாவின் கையைப் பார்த்தாள்.

"இனிமே நீ பையத் தொடாத. வைக்கோல் ஊறத் தண்ணி எடுத்துக் குடு, போதும்."

"ஏன்க்கா?"

"தோல் கம்பெனிக் கை. ராத்திரி பூரா அதுலயே ஊறிட்டு நேரா இங்க வர்ற. காளான் சாப்பிடற பொருள்டி."

சோபனா ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவள். நெமிலிப் பக்கத்து இந்த ஊரில் ஐந்து பெண்கள் சேர்ந்து போட்ட கொட்டகை இது. இதை நம்பித்தான் கம்பெனியை விட்டுவிட நினைத்திருந்தாள். பையைத் தொடக்கூடாதென்றால் அவள் பங்குக்காரி இல்லை, எடுபிடி. சௌந்தரம் சொன்னது கம்பெனியை மட்டும் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். கம்பெனி வாசலையே மிதிக்காத அவள் அம்மாவின் கையிலும் சௌந்தரம் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள்.

"எல்லார் மாதிரியும் சோப்பு போட்டு, ஸ்பிரிட் தேச்சிட்டுதான் உள்ள வர்றேன்."

"கழுவினா போற வாடையாடி அது?"

குழுவில் இன்னொருத்தியான கெங்கம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். "அவ கை பட்டுதான் கெட்டுச்சுன்னா, நல்லா இருக்கிற ஒம்போது பைய யாரு கட்டினா? உன் மாமியாளா எழுந்து வந்து கட்டினா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். சோபனா சிரிக்கவில்லை. வாசலில் கிடந்த தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேகவைத்த வைக்கோலை ஈரம் வடிய அதில்தான் பரப்புவார்கள். படுக்கை கட்டுவதற்கு முந்தின நாள் சௌந்தரத்தின் கணவர் ராமலிங்கம் அதே தார்ப்பாயில் விதைக்கடலைக்கு விரிடிப் பொடி பிசறிக்கொண்டிருந்தார். மடிப்புகளில் இன்னும் பொடி ஒட்டியிருந்தது.

"அண்ணன் கலந்த பொடிதான்கா கெடுத்திருக்கு."

"விரிடியா? வேரழுகலுக்குப் போடற மருந்துடி. நல்ல பூசணம்னு பாக்கெட்லயே போட்டிருக்கான்."

"கடலைக்கு நல்லது. கெட்ட பூசணத்தைத் தின்னுது. காளானும் பூசணந்தானே? அதையும் தின்னுட்டு, அதான் பையில பச்சையா படர்ந்திருக்கு."

சோபனா மைக்ரோபயாலஜியை இரண்டாம் வருஷத்தோடு விட்டவள். படித்ததில் மண்டையில் தங்கியது கொஞ்சம். இது தங்கியிருந்தது. காளான் நூலுக்கும் சுவர் உண்டு. நண்டு ஓட்டில் இருக்கும் கைட்டின் அதிலும் உண்டு. காளான் நொதிகளைக் கசியவிட்டு வைக்கோலைக் கரைத்துத் தின்னும். வளரும் நுனியில் தன் சுவரையே கொஞ்சம் இளக்கிக்கொண்டுதான் அது நீளும். விரிடி அந்த நூலைச் சுற்றிப் பின்னிக்கொண்டு, தன் நொதியால் சுவரில் ஓட்டை போட்டு, உள்ளே இருப்பதை உறிஞ்சிவிடும்.

"கம்பெனில தோல் இளகறதுக்கு ட்ரம்ல ஒரு நொதிப்பொடி போடுவாங்க. நேரம் ஜாஸ்தியாச்சுன்னா தோலே கூழாயிடும். காளானுக்கு இங்க அதான் நடந்திருக்கு."

"இங்கயும் தோல் கதைதானா?"

"சரி, கதை வேணாம். ஆறு பை கட்டுவோம். மூணு நீங்க, உங்க சுத்தமான கையால, எப்பவும் போல இந்தத் தார்ப்பாய்ல உலத்திக் கட்டுங்க. மூணு நான். எங்க வீட்ல வேகவெச்சு, துவைச்ச புடவையில உலத்தி, ஷிப்ட் முடிச்சு வந்து இந்தக் கையால கட்றேன். என்னுது வெள்ளையா வந்தா நானும் பையத் தொடுவேன். பச்சையாச்சுன்னா இந்தப் பக்கமே வரல."

"பேச்சு மாற மாட்டியே?"

"நீங்க மாறாம இருங்க."

ஆறு பைகளும் கெங்கம்மாள் வீட்டுப் பின்னறையில் தொங்கின. சாவி அவள் இடுப்பில். ஆறாம் நாள் சௌந்தரத்தின் பையொன்றில் காசளவு பச்சை தெரிந்தது. ஏழாம் நாள் சோபனாவின் பையில் மஞ்சள் நீர் கோத்திருந்தது. சௌந்தரம் விரலால் சுட்டினாள். சோபனா அன்று தூங்கவேயில்லை. இரண்டு நாளில் அந்த இடத்தையும் வெள்ளை மூடியது.

பதினாறாம் நாள் காலை ஐந்து பெண்களும் பின்னறை வாசலுக்கு வந்தார்கள். ராமலிங்கமும் வந்திருந்தார். சோபனாவின் மூன்று பைகளும் சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெளுத்திருந்தன. சௌந்தரத்தின் மூன்றும் பச்சை.

"எனக்கு இன்னா தெரியும்? பொடி குடுத்த டெப்போக்காரன் இதெல்லாம் சொல்லல," என்று சொல்லிவிட்டு ராமலிங்கம் போய்விட்டார்.

சௌந்தரம் தொண்டையைச் செருமினாள். "சரிடி, உன்னுது வந்திருக்கு. இருந்தாலும் பை கிழிக்கறது, பறிக்கறதெல்லாம் நாங்க பாத்துக்கறோம். ஊர்ல யார்னா கேட்டா…"

"கேட்டா என் பேரைச் சொல்லுங்க."

"இன்னாடி இவ்ளோ திமிரு?"

"பந்தயம் கட்டினேன், ஜெயிச்சேன். இனிமே உங்ககிட்ட கேட்டுக்கிட்டு நிக்க முடியாது." சோபனா ஸ்பிரிட் பாட்டிலை எடுத்துக் கையில் தேய்த்துக்கொண்டாள். "காலைல கடலை பிசறின புடவைதானே இது? அதோட உள்ள வராதீங்க. மாத்திட்டு வாங்க."

கெங்கம்மாள் சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு உள்ளே போய்ப் பையை அடியில் தாங்கிப் பிடித்தாள். சோபனா பிளேடால் முதல் கீறல் போட்டாள்.

சௌந்தரம் வாசற்படியில் நின்றாள். உள்ளே வரவில்லை, போகவும் இல்லை. சோபனா இரண்டாவது பையை எடுத்தாள்.