சம்பந்தி வீட்டு டெக்

வேலிக்காரரை நல்லவர் என்று யாராவது அவருடைய மச்சினன் காதுபடச் சொல்லிவிட்டால் போதும். "நல்லவர்தான், யாரு இல்லேன்னா? வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டு, குத்துதே குடையுதேன்னு அழற நல்லவர்" என்பான். அக்காள் புருஷன் என்கிற மரியாதையெல்லாம் வீட்டில்தான். குழி வெட்டிக் கம்பம் நட்டுக் கான்கிரீட் ஊற்றுகிற இடத்தில் அவன் வாய்க்குப் பூட்டுப் போட இன்னொருவன் பிறந்துதான் வரவேண்டும்.

வீடுகளுக்கு வேலி போடுவதும், பின்வாசலை ஒட்டி டெக் போடுவதும் அவர்கள் தொழில். டெக் என்றால் தரைக்கு மேலே தூக்கிக் கட்டுகிற பலகைத் தளம், அவ்வளவுதான். நாலு நாற்காலி போட்டுச் சாயங்காலக் காற்று வாங்கலாம். இதில் என்ன பெரிய வித்தை என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை நகராட்சிப் படியேறிப் பார்க்க வேண்டும். முன்பக்க வேலி இடுப்புயரம், பின்பக்கம் ஆறடிக்குமேல் போகக்கூடாது, முனைவீடாக இருந்தால் திரும்புகிற வண்டிக்காரனுக்குத் தெரு மறையக்கூடாது, டெக் எல்லையிலிருந்து ஐந்தடி தள்ளி நிற்கவேண்டும். தெரிந்தே மீறி, வீட்டுக்காரரையும் ஏமாற்றிக் கட்டினான் என்று பேர் வந்தால், லைசென்ஸ் போச்சு. லைசென்ஸ் போனால் சொந்தத் தொழில் கிடையாது. தலை நரைத்த வயதில் இன்னொருத்தன் வண்டியின் பின்னால் ஏறிக் கூலிக்குப் போகவேண்டியதுதான். இத்தனை வருஷத்தில் வேலிக்காரர்மேல் ஒரு புகார்கூட வந்ததில்லை.

அவருக்கு ஒரே மகள். போன வருஷம்தான் கட்டிக்கொடுத்தார். அந்த வீட்டில் அவளை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. திட்டினாலாவது பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லலாமே! பேசவே மாட்டார்கள். மாமனார், பெரிய கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர், மருமகள் எதிரிலேயே நின்றாலும் மகனிடம்தான் சொல்வார்: "அவளை அந்த ஜன்னலைச் சாத்தச் சொல்லு." பிறந்த வீட்டில் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்த பெண், இப்போது போனில்கூடக் குசுகுசுவென்றுதான் பேசினாள்.

அப்படிப்பட்ட சம்பந்தி ஒருநாள் தானே போன் போட்டு, பின்பக்கம் வேலியும் டெக்கும் போடவேண்டும் என்றார். வேலிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. கூலி, பொருள் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. பெண்ணைக் கொடுத்த இடத்தில் அதையெல்லாம் எப்படிப் பேசுவது?

முதலில் வேலி. பலகையின் வழவழப்பான முகம் பக்கத்து வீட்டைப் பார்க்க, கம்பமும் குறுக்குச் சட்டமும் தெரிகிற முதுகு நம் பக்கம் வரவேண்டும் என்பது விதி. சம்பந்திக்கு அது பொறுக்கவில்லை.

"என்ன சம்பந்தி இது? நம்ம காசு, நம்ம வேலி. அழகு மட்டும் பக்கத்து வீட்டுக்கா?"

"யாரு காசு?" என்றான் மச்சினன், சுத்தியலைப் பார்த்துக்கொண்டே. வேலிக்காரர் அவன் காலை மிதித்தார்.

வேலி விதிப்படியே நின்றது. சம்பந்தி ஒவ்வொரு பலகையிலும் முடிச்சு இருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாத்த மாதிரி" என்று மச்சினன் முனகினான். இந்தமுறை வேலிக்காரர் மிதிக்கவில்லை.

டெக்கில்தான் வினை வந்தது. வேலிக்காரர் எல்லையிலிருந்து ஐந்தடி அளந்து முளையடித்துக் கயிறு கட்டினார். சம்பந்தி கயிற்றைத் தாண்டிப்போய் நின்றார்.

"இதுவரைக்கும் வரணும். நீங்க சொல்ற அளவுக்குப் போட்டா, நாலு பேர் உக்காந்தா முட்டி இடிக்கும்."

"ரூல் விடாது சம்பந்தி. ப்ளான் அஞ்சடி தள்ளித்தான் பாஸாகியிருக்கு. நீங்க நிக்கிற இடம் எல்லையிலேர்ந்து ரெண்டடிகூட இல்ல."

சம்பந்தி வாதாடவில்லை. உள்ளே திரும்பி, மாப்பிள்ளையைப் பார்த்து, மருமகள் காதில் விழும்படி சொன்னார்: "அவகிட்ட சொல்லிடு. அவங்கப்பாவுக்கு நமக்குச் செய்ய இஷ்டமில்லையாம்."

வேலிக்காரர் கைகழுவத் தோட்டத்துக் குழாயடிக்குப் போனார். மகள் துண்டோடு பின்னாலேயே வந்தாள்.

"அப்பா, கொஞ்சம் பாத்துச் செய்யுங்கப்பா."

"என்னம்மா, தெரிஞ்சே எப்படி..."

"நீங்க வேலையை முடிச்சுட்டுப் போயிடுவீங்க. நான்தானே இங்க இருக்கணும்?"

அவள் அழவில்லை. கை கழுவும்வரை துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். அதற்குமேல் எந்தத் தகப்பன் விதியைப் பேசுவான்? அவர் திரும்பி வந்து முளையைப் பிடுங்கினார்.

ஆனால் வாய்விட்டுச் சொல்லாமல் இருக்கவில்லை. அன்றே எல்லாரையும் வைத்துக்கொண்டு, மகள் காப்பித் தட்டோடு நிற்கும்போதே, தெளிவாகச் சொன்னார்: "இது சட்டப்படி தப்பு சம்பந்தி. யாராவது புகார் குடுத்தா என் லைசென்ஸ் போயிடும். நீங்க கேட்டுத்தான் செய்யறேன்னு நீங்க சொன்னாத்தான் நான் தப்பிப்பேன்."

"அட, நான் இருக்கேன்ல? என் வீடு, என் பொறுப்பு" என்று சம்பந்தி அவர் தோளில் தட்டினார். கல்யாணம் நடந்ததிலிருந்து அந்தக் கை அவர் தோளில் பட்டது அன்றுதான்.

மச்சினன் டேப்பைத் தரையில் வீசினான். "அத்தான், உங்களுக்குப் புத்தி பிசகிப்போச்சா? வேற யாராவது கேட்டா நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேப்பீங்களே!"

"பொண்ணு வாழற வீடுடா."

"அப்ப எனக்கு வாயில்ல" என்று சொல்லிவிட்டு, வாயே ஓயாமல் திட்டிக்கொண்டே குழி வெட்டினான். வேலையில் குறை வைக்கத் தெரியாத ஜென்மங்கள் இரண்டும். வீட்டுச் சுவரோடு தாங்குசட்டத்தை போல்ட் போட்டு முறுக்கி, தூண் நிறுத்தி, மழைத்தண்ணீர் வடியப் பலகைக்குப் பலகை இடைவெளி விட்டு, அந்தத் தப்பான டெக்கை அத்தனை சுத்தமாகக் கட்டினார்கள்.

பக்கத்து வீட்டில் ஒரு நர்ஸம்மா. ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டு வந்து பகலில் தூங்குகிறவள். டெக்கில் ஆள் ஏறி நின்றால், வேலிக்கு மேலாக அவள் கட்டில் தெரியும். ஐந்தடி விடச் சொன்னவன் கிறுக்கனில்லை, இதற்காகத்தான் சொல்லியிருக்கிறான். அவள் வந்து மரியாதையாகத்தான் கேட்டாள். "படுத்த இடத்துலேர்ந்து கண்ணைத் திறந்தா உங்க வீட்டு ஆளுங்க தெரியறாங்க சார். எப்படித் தூங்கறது?"

"ஜன்னலைச் சாத்திக்கோங்க" என்றார் சம்பந்தி.

அவள் வேறென்ன செய்வாள்? புகார் கொடுத்தாள். வேலிக்காரருக்கு அவள்மேல் கோபமே வரவில்லை. அவள் இடத்தில் இருந்தால் தானும் அதைத்தான் செய்திருப்பேன் என்று மனைவியிடம் சொன்னார். "உங்க நியாயத்தைக் கொண்டுபோய் உடைப்புல போடுங்க" என்று மனைவி கத்தினாள்.

வேலிக்காரரையும் மச்சினனையும் வரச்சொல்லிவிட்டு நகராட்சியிலிருந்து வந்தவள் சின்ன வயதுப் பெண். சத்தம் போடவில்லை. டேப்பைப் பிடித்து எல்லைக்கல்லிலிருந்து அளந்தாள், அளந்ததை எல்லாருக்கும் காட்டினாள். பிறகு டெக்கின் படியிலேயே உட்கார்ந்து கேட்டாள்.

"இவ்வளவு தூரம் நீட்டச் சொன்னது யாரு? வீட்டுக்காரர் கேட்டுச் செஞ்சதா இருந்தா அபராதம் அவருக்கு. இவர் எச்சரிக்கையோட போயிடலாம். ரூலை மறைச்சு இவரே கட்டினதா இருந்தா லைசென்ஸை ரத்து பண்றதைத் தவிர வேற வழியில்ல."

சம்பந்தி கையைப் பிசைந்துகொண்டார். "எனக்கு என்னம்மா தெரியும் ரூலும் மண்ணாங்கட்டியும்? சம்பந்தி தொழில்காரர். அவர் சொன்னா சரியா இருக்கும்னு நம்பினேன்."

மச்சினன் குதித்துவிட்டான். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்களேய்யா! அத்தான் எத்தனை தடவை சொன்னாரு? எங்க அக்கா பொண்ணு காப்பித் தட்டை வச்சுக்கிட்டுக் கேட்டுட்டுத்தானே நின்னா? கூப்பிடுங்க அவளை! அவளுக்குப் பொய் சொல்ல வராது."

"வேணாம்டா" என்றார் வேலிக்காரர். வாய்தான் அப்படிச் சொன்னது. வந்து சொல்லிவிட மாட்டாளா என்றுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது.

அவள் வந்தாள். பின்வாசற்படியிலேயே, டெக்கில் கால்வைக்காமல் நின்றாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்தான். சம்பந்தி மட்டும் நேரே அவள் முகத்தைப் பார்த்து, குழைந்த குரலில் சொன்னார்: "பயப்படாதம்மா. நடந்ததைச் சொல்லு."

அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு நகராட்சிப் பெண்ணைப் பார்த்தாள்.

"அப்பாதான் சொன்னாரு. ஒண்ணும் ஆகாதுன்னு."

பெற்று வளர்த்து, பேசக் கற்றுக்கொடுத்து, அந்த வாயால் இதையா கேட்கவேண்டும்? பாவி, பாவி என்று வேலிக்காரரின் மனசு அடித்துக்கொண்டது. அவளைச் சொன்னாரா, தன்னையே சொல்லிக்கொண்டாரா என்று அவருக்கே தெரியவில்லை.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று நகராட்சிப் பெண் அவரைக் கேட்டாள். அவளுக்கும் சந்தேகம் இருந்தது. கொஞ்சம் நேரம் கொடுத்துக் காத்திருந்தாள்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் மகள் பொய்க்காரி. புருஷன் முன்னால், மாமனார் முன்னால், ஊர் முன்னால்.

"ஆமாம்மா. நான்தான் சொன்னேன்" என்றார்.

லைசென்ஸ் போனது. மச்சினன் அவரோடு ஒரு வாரம் பேசவில்லை. பிறகு வேறொரு கான்ட்ராக்டரிடம் சேர்ந்துகொண்டு, அத்தானுக்கும் அங்கேயே ஒரு கூலிவேலை கேட்டு வைத்தான். மீறிய பாகத்தைக் கட்டினவரே பிரித்துக்கொடுக்க வேண்டும் என்று நகராட்சி உத்தரவு.

மகளிடமிருந்து போன் வந்தபோது, அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டார். அழுவாள், மன்னிச்சிடுங்கப்பா என்பாள் என்று நினைத்தார். விடு கண்ணு, எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல என்று சொல்வதற்கு வார்த்தையைக்கூடச் சேர்த்துவைத்திருந்தார்.

"அப்பா, டெக்கைப் பிரிக்க என்னிக்கு வருவீங்கன்னு மாமா கேட்டாரு."

"வர்றேம்மா."

"லீவு நாள்ல வேணாம்ப்பா. தெருவுல எல்லாரும் இருப்பாங்க, மாமாவுக்குச் சங்கடமா இருக்கும். அப்புறம், பிரிச்ச பலகையை எடுத்துட்டுப் போயிடாதீங்க. ஷெட்டுக்கு ஆகுமாம்."

அவள் குசுகுசுவென்று பேசவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கல்யாணத்துக்கு முன்னால் பேசுவாளே, அந்த மாதிரி உரக்கப் பேசினாள். பின்னால் யாரோ சிரிப்பதும் கேட்டது.

"நீ எப்படி இருக்கம்மா?"

"நல்லா இருக்கேம்ப்பா! இப்பல்லாம் மாமா எதுக்கெடுத்தாலும் என்னைத்தான் கூப்பிடறாரு. வந்தவங்ககிட்டல்லாம், இவ எங்க வீட்டுப் பொண்ணுங்கறாரு."

அந்தச் சந்தோஷத்தில் துளி பொய் இல்லை. புதன்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு வேலிக்காரர் போனை வைத்தார்.