இன்மோக் எடுத்த பட்டாளப் படம்

நடிப்பு என்றால் என்னவென்று இன்மோக் என்னைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். இதைச் சொன்னால் பொறாமை என்பார்கள். பொறாமைதான், ஆனால் பொய்யில்லை.

வட கொரிய எல்லையை ஒட்டிய யாங்கு மலையில், எல்லைக்காவலில், நாங்கள் இருவரும் ஒரே மாதம் சேர்ந்தவர்கள். சார்ஜெண்ட் மாதிரி நடந்து காட்டி, அவர் குரலிலேயே எல்லோரையும் திட்டி, பாரக்ஸ் முழுவதையும் நான் சிரிக்க வைப்பேன். இன்மோக் ஒரு மூலையில் உட்கார்ந்து பூட்ஸைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

கட்டாய ராணுவப் பணி முடிந்ததும் இருவரும் சியோலில் ஒரே நாடகக் குழுவில் சேர்ந்தோம். பதினைந்து வருஷத்தில் நான் தொலைக்காட்சித் தொடர்களில் பிணமாகப் படுக்கிற அளவுக்கு முன்னேறினேன். அவன் மூன்று படங்களில் சிப்பாயாக நடித்துப் பெயர் வாங்கினான். பிறகு எங்கள் படைப்பிரிவைப் பற்றித் தானே எழுதி, இயக்கி, நடித்து ஒரு படம் எடுத்தான்.

என் மனைவி மிசுக் பத்திரிகையை உரக்கப் படித்தாள். "உங்க சிநேகிதர் பட்டாளத்துல பட்ட கஷ்டத்தையெல்லாம் கலையா மாத்திட்டாராம்."

"நானும்தான் பட்டேன்."

"நீங்க அதைப் புலம்பலா மாத்திட்டீங்க."

வெளியீட்டுக்கு முந்தின சிறப்புக் காட்சிக்கு அழைப்பு வந்தது. குற்றம் கண்டுபிடிக்கவே போனேன். பெல்ட் சரியாக இருந்தது. சாப்பாட்டுத் தட்டு சரியாக இருந்தது. எனக்கு எரிந்தது. பிறகு அந்த மழை வந்தது.

நடந்தது இதுதான். மழைக்காலத்தில் பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்தபோது மலை சரிந்தது. தொக்ஹோ என்பவன் இடுப்புவரை சேற்றில் புதைந்தான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன் நான். நான் ஓடிவிட்டேன். இன்மோக்தான் வெறும் கையால் தோண்டி அவனை வெளியே இழுத்தான். விசாரணையில், "கிபாங் ஆள் கூப்பிடத்தான் போனான் சார்" என்று எனக்காகச் சொன்னான். அதற்குப் பிறகு ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

திரையில் தோண்டியது வேறொரு நடிகன். மண்வெட்டியை எறிந்துவிட்டு ஓடியவன் இன்மோக்.

எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் அழுதுகொண்டிருந்தாள். படம் முடிந்ததும் ஒரு நிருபர் எழுந்து, "நிஜத்துல அந்தக் கோழை யாருங்க?" என்று கேட்டார். இன்மோக் மைக்கை வாங்கினான். பிறகு, "நான்தான்" என்றான். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வயிறு பற்றி எரிந்தது. என்னிடம் இருந்தது அந்த ஓட்டம் ஒன்றுதான். அதற்கும் அவனுக்கே கைத்தட்டல்.

அன்று இரவு பன்றி சூப் கடையில் அவனைப் பிடித்தேன்.

"ஏண்டா பொய் சொன்னே?"

"பின்ன, உன் பேரைச் சொல்லவா?"

"என்கிட்ட கேட்டிருந்தா நானே நடிச்சிருப்பேன்ல?"

"மூணு தடவை போன் பண்ணேன். நீ எடுக்கவே இல்லையே."

உண்மை. போனில் அவன் பெயரைப் பார்த்தாலே அதைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

"படத்துல நீ ஓடினதும் சரியில்லடா. திரும்பித் திரும்பிப் பார்த்தே. நான் பார்க்கல. தொக்ஹோ என் பேரைச் சொல்லிக் கத்தினான். அப்பவும் பார்க்கல."

இன்மோக் கரண்டியைக் கீழே வைத்தான். "இதை என்கிட்ட ஏண்டா சொல்றே? தொக்ஹோ வோன்ஜுவுலதான் இருக்கான், போய் அவன்கிட்ட சொல்லு" என்றான்.

மறுநாள் காலை பஸ் ஏறினேன். தொக்ஹோ சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான். வாசலில் நின்றபடியே சொன்னேன்: "அன்னைக்கு நான் ஆள் கூப்பிடப் போகல. பயந்து ஓடிட்டேன்."

"தெரியும்டா. உன் முதுகைத்தானே பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றான். துணியில் கையைத் துடைத்துக்கொண்டான். "இன்மோக் வருஷா வருஷம் வர்றான். உனக்குத்தான் இத்தனை வருஷம் ஆச்சு."

அங்கேயும் இன்மோக் எனக்கு முன்னால் வந்திருந்தான். நெஞ்சுக்குள் அதே எரிச்சல் ஏறியது. தொக்ஹோ கடையை ஒட்டிய வீட்டுக் கதவை அகலமாகத் திறந்தான். ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.