பெட்டிக்குள் தண்ணீர்

பகலெல்லாம் அடுத்தவர் வீட்டுத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பதுதான் அந்தப் பிளம்பருக்குப் பிழைப்பு. முகத்தில் சொட்டும் தண்ணீரைத் துடைக்கக்கூடக் கை ஒழியாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தால் பாதிச் சாப்பாட்டிலேயே கண் சொருகும். தையல் கடையில் வேலை பார்க்கும் மனைவி எதிரே உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருப்பாள். அவனும் தலையாட்டுவான். என்ன சொன்னாள் என்று கேட்டால் முழிப்பான்.

அப்படிப்பட்டவனுக்கும் ஓர் ஆசை இருந்தது. நகரத்தின் ஓரத்தில், இடிந்த பம்ப் ஹவுஸுக்குப் பின்னால் இருந்த மரக்கூட்டத்தில் அவன் ஒரு பெட்டியை ஒளித்து வைத்திருந்தான். ஜியோகேஷிங் என்று ஒரு விளையாட்டு. இடத்தின் குறியைப் போனில் போட்டுவிட்டால், முன்பின் தெரியாதவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு தேடி வருவார்கள். கண்டுபிடித்தவர்கள் உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதுவார்கள். ஒரு பொம்மையை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைத்துவிட்டுப் போவார்கள். மற்றவர்கள் விரல் நீளக் குப்பிகளை ஒளித்துவைத்து ஆட்டம் காட்டுவார்கள். இவனுக்கு அது பிடிக்கவில்லை. "குழந்தைங்களைக் கூட்டிட்டு வர்றாங்க. திறந்தா ஏதாவது இருக்க வேணாமா?" என்பான். ஆகவே பெரிய பெட்டிதான் வைத்தான்.

பெரிய பெட்டிக்கு வாய் பெரியது. தொல்லையும் பெரியது. முதலில் வைத்தது காலி பெயின்ட் வாளி. வெயில் பட்டு அதன் மூடி விளிம்பில் வெடித்தது. முதல் மழையிலேயே உள்ளே இருந்த கரடி பொம்மை ஊறிப்போய்க் குப்பையில் போடும்படி ஆயிற்று.

அடுத்து, நான்கு பக்கமும் கிளிப் வைத்த கனமான பிளாஸ்டிக் பெட்டி வாங்கினான். உள்ளே காகிதக் கைக்குட்டையை விரித்து, மேலே கல்லை ஏற்றி, குளியலறைத் தொட்டியில் ஒரு நாள் முழுக்க முக்கிவைத்தான். காகிதம் மொறுமொறுவென்று அப்படியே இருந்தது. நிம்மதியாகக் கொண்டுபோய் வைத்தான். மாதம் முடிவதற்குள் போனில் செய்தி வந்தது. ஆந்தை என்ற பெயரில் விளையாடும் ஒருவர், "பெட்டிக்குள் குளம்" என்று எழுதியிருந்தார்.

அவன் விடவில்லை. மூடியின் விளிம்பில் சிலிக்கான் பூசினான். அந்தப் பிளாஸ்டிக்கில் அது ஒட்டாமல் தோல் உரிவது போல் உரிந்து வந்தது. ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவி, கிரீஸ் தடவிப் பார்த்தான். அதற்கும் தண்ணீர் அசரவில்லை.

"ஊர்ல இருக்கிற ஒழுகலையெல்லாம் நிறுத்துறீங்க. ஒரு டப்பாகிட்ட தோத்துப் போயிட்டீங்களே" என்றாள் மனைவி.

"டப்பா மேல தப்பு இல்லடி. எவனோ ஒருத்தன் திறந்துட்டு ஒழுங்கா மூடாமப் போறான். கையில கிடைச்சான்னா வச்சுக்கிறேன்."

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அவனோடு இதே விளையாட்டு விளையாடும் பல் டாக்டர் ஒருவர் இருந்தார். கேட்டதும் சிரித்தார். "பல்லு அடைக்கிற மாதிரிதாங்க இதுவும். உள்ள ஈரம் இருக்கும்போது மேல எதைப் பூசினாலும் நிக்காது. பேசாம இரும்புக்குப் போயிடுங்க." ராணுவத்தில் தோட்டா வைக்கிற மாதிரியான பெட்டி ஒன்றை அவரே தேடிக் கொடுத்தார். நல்ல கனம். பக்கவாட்டில் ஒரு நெம்புகோல். அதை அழுத்திப் பூட்டினால் காற்றுகூடப் போகாது. பிளம்பர் துருவைச் சுரண்டி, பச்சை பெயின்ட் அடித்து, புது ரப்பர் ஒட்டினான். ரப்பர் மேல் பெயின்ட் படாமல் பார்த்துக்கொண்டான். பட்டால் அங்கே இறுகிப்போய்த் தண்ணீருக்கு வழி விட்டுவிடும்.

இரும்புப் பெட்டியில் முன்னைவிட அதிகமாகத் தண்ணீர் நின்றது.

அந்தச் செய்தியைப் போனில் படித்தபோது அவன் ஒரு வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். கோபம்கூட வரவில்லை. எழுந்திருக்கத் தெம்பில்லை, அவ்வளவுதான். 'போதும்டா சாமி, எடுத்துடலாம்' என்று தோன்றியது.

இரண்டு நாள் கழித்து, மதியம் போக வேண்டிய வீட்டுக்காரர் வெளியூர் போய்விட்டதாகச் சொன்னார். கிடைத்த நேரத்தில் பெட்டியைத் தூக்கிவந்துவிடலாம் என்று வண்டியைப் பம்ப் ஹவுஸ் பக்கம் திருப்பினான். மரங்களுக்குள் நுழையும்போதே இரும்பு முனகும் சத்தம் கேட்டது. ஆள் சிக்கிவிட்டான் என்று அடிமேல் அடி வைத்துப் போனான்.

தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தது அவன் மனைவி.

பக்கத்தில் ஈரத் துணி ஒன்று பிழிந்து கிடந்தது. தையலில் மிஞ்சிய துண்டுகளில் அவள் தைத்த சின்னச் சின்னப் பைகள் பெட்டிக்குள் இருந்தன. மூடியின் மேல் ஒரு முட்டியை வைத்து, நெம்புகோலை உள்ளங்கையால் தள்ளிக்கொண்டிருந்தாள். அது பாதி வரை போய்த் திரும்பி வந்தது. மறுபடி தள்ளினாள். மறுபடி திரும்பியது. கையை உதறி, மடியில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"ஏம்மா..." என்றான்.

அவள் திடுக்கிட்டாள். "இந்த நேரத்துல எங்க வந்தீங்க?"

"நீ எங்க வந்த?"

"ஈரமா இருக்குன்னு உங்க போன்ல வந்துச்சு, பாத்தேன். நீங்க வர்றதுக்குள்ள துடைச்சு வைக்கலாம்னு வந்தேன்." ஈரத் துணியை ஓரமாக நகர்த்தினாள். "ரொம்ப நாளாவே பை வைக்க, துடைக்கன்னு வந்துட்டு இருக்கேங்க. வாரம் பூரா அடுத்தவன் வீட்டுத் தண்ணியில நிக்கறீங்க. இதையாவது நான் பாத்துக்கலாம்னு நெனச்சேன். ஒழுங்கா மூடத்தான் முடியல போல. மூடிட்டேன்னு நெனச்சுத்தான் வீட்டுக்குத் திரும்புவேன்."

"கையில என்ன?"

"ஒண்ணும் இல்ல."

"காட்டு."

நீட்டினாள். கட்டைவிரலுக்குக் கீழே மேடாக இருக்க வேண்டிய சதை வற்றிக் குழிந்திருந்தது. இவ்வளவு காலம் கட்டிக்கொண்டு வாழ்ந்தவன், அந்தக் கையை எப்போது கடைசியாகப் பார்த்தோம் என்று யோசித்தான். பிடிபடவில்லை.

"மரத்துப் போயிடுதுங்க. கத்தரி புடிச்சா நழுவுது. கடையில தெரிஞ்சா தடித் துணியெல்லாம் வேற ஆளுக்குப் போயிடும். அதான் சொல்லல."

"என்கிட்டயுமா?"

"சொன்னேன். தலையாட்டுனீங்க."

அவனுக்கு வீட்டுச் சமையலறைக் குழாய் நினைவுக்கு வந்தது. போன வருஷத்திலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது அது. வாஷரை மாற்றினான், பிறகு குழாயையே மாற்றினான். பொருள் எல்லாம் மட்டம் என்று கடைக்காரனை வைதான். குழாயில் ஒரு குறையும் இருந்திருக்காது. இறுக்கி மூட அவள் கையில் வலு இல்லை.

நெம்புகோலை ஒரே அழுத்தில் பூட்டினான். எளிதாகத்தான் இருந்தது. அதைப் பார்த்து அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது, இரண்டு கையிலும்தான், வலது கை ரொம்ப மோசம் என்றார்கள். முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார் டாக்டர், அவனைப் பார்த்து. முதலில் வலது கைக்குச் செய்தார்கள், சிறிய அறுவை சிகிச்சைதான். மரமரப்பு போனது. போன வலு முழுசாகத் திரும்பவில்லை. கடையில் அவளே சொல்லிவிட்டாள். முதலாளியம்மா முகம் சுளித்தாலும் மெல்லிய துணி வேலைகளை அவளுக்கே ஒதுக்கிக் கொடுத்தாள்.

பெட்டியை அவன் எடுத்துவிடத்தான் நினைத்தான். அவள் விடவில்லை. "உன் கைக்காகத்தான் எடுத்தேன்னு காலம் பூரா நீங்க சொல்லிக் காட்டுறதுக்கா?" என்றாள்.

ஆகவே இருவருமாகக் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். அவன் ரப்பர் வளையத்தைத் தடவிப் பார்ப்பான். அவள் மூடிப் பார்ப்பாள். முடியவில்லை என்றால் உதட்டைப் பிதுக்குவாள். கடைசியில் அகலமான திருகு மூடி போட்ட பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்று அகப்பட்டது. மூடியின் குறுக்கே குழாய்த் துண்டு ஒன்றை நட்டும் போல்ட்டும் போட்டு முடுக்கி, துளைகளை அடைத்து, இரண்டு கையாலும் பிடித்துத் திருப்புகிற மாதிரி செய்தான். விரலுக்கு வேலையே இல்லை, முழங்கை வலு போதும். முதல் சோதனையில் துளை வழியாகக் கசிந்தது. இன்னொரு வாஷர் போட்டான். இரண்டாவது முறை தொட்டிக்குள் முக்குவதற்கு முன், அவன் மூடவில்லை. அவளைத்தான் மூடச் சொன்னான். எடுத்துத் திறந்தபோது காகிதம் காய்ந்திருந்தது.

"பாத்தீங்களா" என்றாள் அவள், தானே கண்டுபிடித்தது மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் ஏற்ற முடியாததால் இருவரும் பஸ்ஸில் போய்ப் பீப்பாயை வைத்துவிட்டு வந்தார்கள். அதைச் சுமந்து நடந்ததில் அவனுக்கு முதுகு விட்டுப்போயிருந்தது. அவளுக்கு இடது கை இன்னும் மரத்துக்கொண்டுதான் இருந்தது. அதன் அறுவை சிகிச்சைக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருந்தார்கள். நிறுத்தத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவன் அவளுடைய இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, விரல் விரலாக நீவிவிட்டான்.

பஸ் வந்து நின்றது.

"ஏறலாமா?" என்றான்.

"அடுத்ததுல போலாங்க. இப்ப எந்திரிக்க முடியாது."

அவனாலும் முடியாது. கண்டக்டர் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு விசில் ஊதினார். பஸ் போனது. அவன் நீவிக்கொண்டே இருந்தான். அவள் சமையலறை ஜன்னலுக்குத் திரை மாற்ற வேண்டும், பக்கத்து வீட்டில் ஆள் காலி செய்கிறார்கள் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எப்ப காலி பண்றாங்க?" என்று கேட்டான்.