அழித்த இரண்டு அறைகள்

கான்கிரீட் மிக்சர் காலை ஏழு மணியிலிருந்து ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மாடித் தளத்தை அன்றைக்கே போட்டாக வேண்டும். பதினொரு சித்தாள்கள் சாரத்தில் வரிசையாக நின்று சட்டிகளைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். நாமக்கல்லுக்கு வெளியே, கோழிப்பண்ணைகளைத் தாண்டி எழும்பிக்கொண்டிருந்த அந்த விடுதிப் பள்ளியின் வாசலில் பெங்களூர் கார் ஒன்று வந்து நின்றது.

இறங்கிய நர்மதா, பல நாடுகளில் கிளை வைத்திருக்கும் வடிவமைப்பு நிறுவனத்தில் ஆர்க்கிடெக்ட். சேர்ந்த முதல் மூன்று வருடம் படிக்கட்டும் கதவும் மட்டுமே வரைந்தாள். பிறகு துபாய் ஓட்டல் ஒன்றின் வரவேற்புக்கூடம். ஒன்பதாவது வருடத்தில்தான் ஒரு முழுக் கட்டடம் அவள் பொறுப்புக்கு வந்தது, அதுவும் சொந்த மாவட்டத்தில்.

சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த மேலதிகாரிக்கு ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டே நடந்தவள், சட்டி வரிசையின் கடைசியில் மாரியாயியைப் பார்த்தாள். பரமத்தி வேலூர்ப் பெரியம்மா. அம்மா கரும்பு வெட்டப் போன நாட்களில் அவளுக்குச் சோறூட்டியவள். நர்மதா பேச்சை நிறுத்தவில்லை. மாரியாயியும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேலதிகாரி போன் பேச ஒதுங்கியபோது மாரியாயி கீழே இறங்கி வந்தாள். சைட் இன்ஜினீயர் குமரகுரு பக்கத்தில் இருந்தான்.

"ஏனுங்க மேடம், பொம்பளையாளுங்களுக்கு ஒரு பாத்ரூம் கட்டித்தரச் சொல்லுங்க. சுத்தியும் தகரம் அடிச்சுட்டாங்க, காட்டுப்பக்கம் போக வழியில்லீங்க. ஒருத்தியும் பகல்ல தண்ணி குடிக்கறதில்லீங்க."

பெரியம்மா வாயில் மேடம் என்ற சொல்லைக் கேட்டு நர்மதாவுக்குக் காது சுட்டது. குமரகுருவிடம் காரணம் கேட்டாள். அவன் தயங்கியபடி வரைபடத்தை விரித்தான்.

"மொதல்ல ரெண்டு இருந்துச்சுங்க மேடம். அப்பறம் நீங்கதான் எடுத்துட்டீங்க."

வேலையாட்களுக்கான கழிப்பறைகள் வாசலில் இறங்கும் பெற்றோர் கண்ணில் படக் கூடாது என்று பள்ளி நிர்வாகம் சொல்லியிருந்தது. வேறு இடத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று அழித்தவள், பிறகு மறந்தே போனாள். வரைபடத்தின் மூலையில் அவளுடைய கையெழுத்து இருந்தது. திருத்தி அனுப்பினாலும் அனுமதி வரப் பதினைந்து நாள் ஆகும், மீதிக் கட்டடங்களின் தளவேலையும் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது, ஆட்கள் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள் என்றான் குமரகுரு.

பெற்றோருக்குக் காட்டுவதற்காக முன்கூட்டியே முடித்திருந்த மாதிரி வகுப்பறையை ஒட்டி ஒரு கழிப்பறை இருந்தது. நர்மதா காவலாளியை அழைத்து அதைத் திறக்கச் சொன்னாள். திரும்பி வந்த மேலதிகாரி, இந்த அம்மாள் யார் என்று விசாரித்தார். இங்கே வேலை செய்பவர் என்றாள் நர்மதா. பெரியம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்பது அந்த நேரத்தில் அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

அவர் நகர்ந்த பிறகு, "உள்ள போங்க பெரியம்மா" என்றாள் தணிந்த குரலில்.

"நீ போ சாமி. அவிய காத்துட்டு நிக்கறாங்க."

நூலகக் கட்டடத்தருகே போய் நர்மதா திரும்பிப் பார்த்தாள். மாரியாயி தலைத்துணியை அவிழ்த்து, குனிந்து, பின்பக்கமாகவே நகர்ந்தபடி வெள்ளை டைல்ஸில் பதிந்த தன் சிமெண்ட் கால்தடங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலருகில் விட்டுப்போன ஒன்றைக் காவலாளி சாவியால் சுட்டிக்காட்டினான்.